வாக்-அரவுண்டில் லாக்கை எடுத்தாயிற்று. ஓடுபாதைக்கு முன் மறுபடியும் கன்ட்ரோல் செக் எதற்கு?

பயிற்சி மாணவன்:

வணக்கம். தனியார் விமானி உரிமத்திற்காகப் பயின்று வருகிறேன். சென்ற வாரம் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நான் தனியாகப் பறக்க வேண்டிய நாள். காலையிலேயே எங்கள் சிறிய விமானமான செஸ்னா 172-ஐச் சுற்றி வந்து (இதுதான் வாக்-அரவுண்ட்), நிறுத்தியிருக்கும்போது காற்றில் அசையாதபடி யோக்கைப் பூட்டி வைக்கும் லாக்கை எடுத்துவிட்டு, இறக்கைகளின் பின்விளிம்பில் உள்ள எய்லரான்களையும் வாலில் உள்ள எலிவேட்டரையும் கையால் அசைத்துப் பார்த்து, கீல்களையும் போல்ட்டுகளையும் சரிபார்த்து முடித்துவிட்டேன். அதற்குள் காற்று வலுத்ததால் பறப்பு இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிற்று. நான் உள்ளே உட்கார்ந்திருந்த நேரத்தில், விமானம் காற்றில் அடிபடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் வேறொருவர் லாக்கைத் திரும்பவும் செருகியிருக்கிறார். விமானத்துடன் வந்த லாக் எப்போதோ தொலைந்துபோய், அதற்குப் பதிலாகச் சாதாரண போல்ட் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறோம். அதில் கொடி இல்லை, தகடு இல்லை. கறுப்புப் பேனலுக்கு முன்னால் எண்ணெய் படிந்து கறுத்த ஒரு போல்ட் தலை, அவ்வளவுதான்.

காற்று தணிந்ததும் எரிபொருளையும் எண்ணெயையும் மட்டும் பார்த்துவிட்டு ஏறினேன். இன்ஜின் ஓடத் தொடங்கியது, டாக்ஸி செய்தேன் (தரையில் ஓட்டிச் சென்றேன்), ஓடுபாதைக்கு முன் நின்று இன்ஜின் சோதனையையும் முடித்தேன். செக்லிஸ்ட்டில் அடுத்த வரி கன்ட்ரோல் செக். காலையிலேயே பார்த்ததுதானே என்று கை அடுத்த வரிக்குப் போகப் பார்த்தது. என்ன தோன்றியதோ, விமானத்தைச் செலுத்தும் கைப்பிடியான யோக்கைத் திருப்பினேன். அது அசையவில்லை.

என் கேள்விகள் இவை. வாக்-அரவுண்டில் ஒரு முறை முழுமையாகப் பார்த்தபின் இரண்டாவது சோதனை உண்மையிலேயே எதைக் காட்டுகிறது? எங்கள் மூத்த மாணவர் ஒருவர் அதை வெறும் சடங்கு என்கிறார். அடுத்து, அவ்வளவு தூரம் டாக்ஸி செய்தும் யோக் பூட்டப்பட்டிருப்பதை நான் ஏன் உணரவில்லை? கடைசியாக, லாக்குக்குப் பதிலாக போல்ட் வைப்பது சரியா?

பயிற்றுநர்:

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடையில் ஒரு சிறு குறை வெளிப்படும். தரையில் விமானத்தைத் திருப்புவது கால்கள். யோக்குக்கு அங்கே வேலையே இல்லை என்று பலரும் நினைப்பதால் அது மடியின் மேல் சும்மா கிடக்கிறது. ஆனால் காற்று வலுத்திருந்த நாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட நாளில் எதிர்க்காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் யோக்கைத் திருப்பியும், பின்னாலிருந்து வந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பி யோக்கை முன்னால் தள்ளியும்தான் டாக்ஸி செய்ய வேண்டும். அதைச் செய்திருந்தால் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்த முதல் திருப்பத்திலேயே லாக் உங்கள் கைக்குத் தெரிந்திருக்கும். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை; நானும் மாணவனாக இருந்தபோது யோக்கைக் கையில் பிடிக்காமல் டாக்ஸி செய்து திட்டு வாங்கியவன்தான்.

இனி, சடங்கு என்ற சொல்லுக்கு வருவோம். 1935 அக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரை அடுத்த ரைட் ஃபீல்டில், பிற்காலத்தில் பி-17 என்று உலகம் அறிந்த குண்டுவீச்சு விமானத்தின் முன்னோடியான போயிங் மாடல் 299 ஒரு சோதனைப் பறப்புக்காகக் கிளம்பியது. நான்கு இன்ஜின்கள் கொண்ட, அக்காலத்திற்கு மிகப் பெரிய அந்த விமானம், தரையை விட்டதும் மூக்கை வானத்தை நோக்கித் தூக்கிக்கொண்டே போய், வேகம் இழந்து விழுந்து தீப்பிடித்தது. மேஜர் பிளோயர் ஹில் அன்றே இறந்தார். போயிங்கின் தலைமைச் சோதனை விமானி லெஸ் டவர் பின்னர் காயங்களால் இறந்தார். காற்றுக்காகப் போட்டிருந்த கஸ்ட் லாக்கை எடுக்க மறந்ததே காரணம். அங்கே இருந்தவர்கள் யாரும் அனுபவமற்றவர்கள் அல்லர். பொறுப்பை நினைவாற்றலின் தலையில் சுமத்தக் கூடாது என்ற எண்ணத்தில் விமானிகளுக்கான எழுதப்பட்ட செக்லிஸ்ட் அந்த விபத்துக்குப் பிறகுதான் முறையான வழக்கமானது. ஆகவே செக்லிஸ்ட்டில் உள்ள கன்ட்ரோல் செக்கை மட்டும் சடங்கு என்பவர், எந்த வரிக்காகச் செக்லிஸ்ட்டே எழுதப்பட்டதோ அந்த வரியைத்தான் சடங்கு என்கிறார்.

இது அந்தக் காலத்துக் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2014 மே 31 இரவு, மாசசூசெட்ஸில் உள்ள ஹான்ஸ்கம் ஃபீல்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 ஜெட் விமானம் கஸ்ட் லாக் போட்டபடியே புறப்பாட்டு ஓட்டத்தைத் தொடங்கி, ஓடுபாதையைத் தாண்டிப் போய் விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். இரு விமானிகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே பறந்தவர்கள். விமானத்தின் பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 விழுக்காட்டில் அவர்கள் முழுமையான கன்ட்ரோல் செக் செய்யவே இல்லை என்பது தெரியவந்தது. அத்தனை முறையும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அவர்களுக்கு விரிக்கப்பட்ட வலை. இது அந்த இருவரின் தனிப்பட்ட சோம்பல் என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவின் தேசிய வணிக வான்போக்குவரத்துச் சங்கம் அதன்பின் ஏறத்தாழ 1,44,000 பறப்புகளின் பதிவுகளைப் பார்த்தபோது, ஏறக்குறைய 18 விழுக்காட்டில் இந்தச் சோதனை அரைகுறையாகச் செய்யப்பட்டிருந்தது அல்லது செய்யப்படவே இல்லை.

எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் யோக்கை இருபுறமும் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுச் சரி என்று சொல்வதைப் பெரும்பாலும் பார்க்கிறேன். முதலில் இருக்கையைப் பறக்கும்போது இருக்கும் நிலைக்கே கொண்டுவந்து பூட்டுங்கள். பிறகு யோக்கை ஒரு பெட்டியின் நான்கு விளிம்புகளிலும் நகர்த்துவதுபோல முழுமையாக முன்னால், முழுமையாக இடம், முழுமையாகப் பின்னால், முழுமையாக வலம் என்று ஒவ்வொரு தடுப்பிலும் இடிக்கும் வரை கொண்டுசெல்லுங்கள். முழங்காலில் கட்டிய எழுதுபலகை, யோக்கில் மாட்டிய டேப்லெட், தொங்கும் ஹெட்செட் ஒயர் ஆகியவை நடுநிலையில் எதையும் தடுப்பதில்லை. யோக் முழுவதும் பின்னால் வந்து, அதே நேரத்தில் முழுவதும் திரும்பியும் இருக்கும் அந்த ஒரு மூலையில்தான் முட்டும். நீங்கள் இறங்கும்போது தேவைப்படுவதும் அந்த மூலைதான். கை இதைச் செய்துகொண்டிருக்கும்போது கண் பேனலில் இருக்கக் கூடாது, இறக்கையிலும் வாலிலும் இருக்க வேண்டும். பெருவிரலை நிமிர்த்தி யோக்கைப் பிடித்துக்கொண்டால், திருப்பும்போது அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து எய்லரான் மேலே எழ வேண்டும். பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். 172-இல் பின்கண்ணாடி வழியாக அதைத் திரும்பிப் பார்க்கலாம்.

பராமரிப்புப் பொறியாளர்:

பயிற்றுநர் ஐயா கடைசியாகச் சொன்ன பெருவிரல் கணக்கை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். தடையின்றி அசைகிறதா என்பதும் சரியான திசையில் அசைகிறதா என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். லாக்கை எடுத்துவிட்டால் முதல் கேள்விக்கு மட்டுமே விடை கிடைக்கும். 2018 நவம்பர் 11 அன்று, போர்ச்சுகலின் அல்வெர்காவில் பெரிய பராமரிப்பு வேலை முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் 190 விமானத்தில், எய்லரான் கேபிள்கள் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன. யோக் வெண்ணெய்போல் அசைந்திருக்கும். ஆனால் இடப்பக்கம் திருப்பினால் விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. அதிலிருந்த ஆறு பேரும் நெடுநேரம் வானத்தில் போராடி, பேஜா விமானத் தளத்தில் எப்படியோ இறங்கினார்கள். அதற்கும் முன்பு, 2001 மார்ச்சில் ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து கிளம்பிய லுஃப்தான்சாவின் ஏ320 ஒன்றில் யோக்குக்குப் பதிலாக உள்ள சைட்ஸ்டிக்குகளில் தலைமை விமானியுடையது மட்டும் பக்கவாட்டில் தலைகீழாக வேலை செய்தது. துணை விமானியின் ஸ்டிக் சரியாக இருந்ததால் அவர் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டார். அந்தச் சில நொடிகளில் இறக்கை முனை தரையை உரசும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. எங்கள் தொழிலில் கேபிளைக் கழற்றிப் பூட்டினால் இரண்டாவது ஆள் தனியாகப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஆனாலும் நான் கையெழுத்திட்ட விமானத்தில் ஏறும் விமானி தன் கண்ணால் இன்னொரு முறை பார்த்தால் எனக்கு மகிழ்ச்சிதான்.

லாக் ஏன் வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. சிறிய விமானங்களில் யோக்கிலிருந்து எய்லரானுக்கும் எலிவேட்டருக்கும் போவது கேபிளும் கப்பியும் நெம்புகோலும்தான். நிறுத்தி வைத்த விமானத்தின் வால் பக்கமிருந்து ஒரு வன்காற்று அடித்தால், அந்தப் பரப்பு கதவு அறைவதைப்போலத் தடுப்பில் போய் மோதும். ஒரு முறை மோதினால் ஒன்றும் ஆகாது. ஓர் இரவு முழுவதும் மோதினால் கீல் தளரும், தடுப்பு வளையும், நெம்புகோலில் விரிசல் விழும். ஹைட்ராலிக்கில் இயங்கும் பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றில் பரப்புகளை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் எண்ணெயே அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வதால் தனி லாக் தேவைப்படுவதில்லை.

உங்கள் போல்ட்டைப் பற்றி: தயவுசெய்து இன்றே அதை அகற்றிவிடுங்கள். 172-இன் மூல லாக் ஒரு வளைந்த கம்பிதான். அதைப் போல்ட்டிலிருந்து வேறுபடுத்துவது அதோடு இணைந்த சிவப்புத் தகடு. கம்பி உள்ளே இருக்கும் வரை அந்தத் தகடு சாவித் துளையை மறைத்துக்கொண்டு நிற்கும். லாக்கை எடுக்காமல் இன்ஜினை இயக்க வழியில்லை. லாக் போட்டிருந்தால் விமானிக்குத் தவறாமல் தெரியும்படி எச்சரிக்க வேண்டும், அல்லது விமானி இயக்கத் தொடங்கியதும் அது தானாக விடுபட வேண்டும் என்று அமெரிக்க வான்தகுதி விதிகள் கேட்பது இந்த வேலையைத்தான். போல்ட் யோக்கைப் பூட்டும் பாதி வேலையைச் செய்கிறது. உங்களைத் தடுக்கும் மறுபாதியைச் செய்வதில்லை.

வெளியே மாட்டும் லாக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எய்லரானுக்கும் இறக்கைக்கும் இடையிலோ, செங்குத்து வாலில் உள்ள ரடரிலோ கவ்விப் பிடிக்கும் பலகைகளை நான் அதிகம் அஞ்சுகிறேன், ஏனெனில் அவை விமானியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. 1977 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவின் எவன்ஸ்வில்லில் கூடைப்பந்து அணியை ஏற்றிச் சென்ற டிசி-3 விமானத்தில் ரடர் லாக்கும் வலது எய்லரான் லாக்கும் அகற்றப்படாமலே இருந்தன. சுமையும் பின்பக்கம் மிகுந்திருந்தது. 29 பேர் இறந்தனர். கேபிள் என்பது இழுத்துக் கட்டிய கம்பி, விசையோடு இழுத்தால் சற்று நீளும். ஆகையால் வெளியே பரப்பு பூட்டியிருந்தாலும் உள்ளே யோக் கொஞ்சம் அசையும். இறுக்கமாக, ரப்பரை இழுப்பதுபோல இருக்கும். "குளிரில் கொஞ்சம் விறைத்திருக்கிறது" என்று அதற்குச் சமாதானம் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தடுப்பில் "டக்" என்று இடிக்காத யோக், சோதனையில் தேறாத யோக்.

சிமுலேட்டர் ஆர்வலர்:

நான் விமானி அல்லன், ஆகையால் தவறாக இருந்தால் திருத்துங்கள். மனிதர்கள் மறப்பார்கள் என்பது 1935 முதலே தெரிந்திருக்கும்போது, லாக் போட்டிருந்தால் இன்ஜின் சக்தியைக் கூட்டும் த்ராட்டில் நகராதபடி செய்துவிட்டால் கதை முடிந்ததே? இத்தனை ஆண்டுகளாக விமானியின் ஒழுக்கத்தை நம்பிக்கொண்டிருப்பது எனக்குப் பொறியியலின் தோல்வியாகவே தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற டர்போபிராப் விமானி:

உங்கள் கேள்வி நியாயமானது. அப்படிப்பட்ட அமைப்புகளும் உண்டு. ஆனால் மேலே சொல்லப்பட்ட ஜி-4 விமானத்திலேயே அந்த ஏற்பாடு இருந்தது என்பதைக் கவனியுங்கள். கஸ்ட் லாக் போட்டிருந்தால் த்ராட்டில் 6 டிகிரிக்கு மேல் முன்னே போகக் கூடாது என்பது வடிவமைப்பின் நோக்கம். விபத்துக்குப் பிறகு அளந்து பார்த்தபோது அதைவிட மூன்று நான்கு மடங்கு போனது. சான்றளிப்பின்போது வரைபடங்களைப் பார்த்தே ஒப்புதல் தரப்பட்டிருந்ததால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படவில்லை. விமானிகள் லாக் போட்டிருப்பதை ஓட்டத்தின் நடுவில் உணர்ந்தார்கள். உணர்ந்தும் உடனே நிறுத்தாமல், ஓடிக்கொண்டே ஹைட்ராலிக் அழுத்தத்தைத் துண்டித்து லாக்கை விடுவிக்கப் பார்த்தார்கள்.

எனக்கு இதைவிட நெருடலான நிகழ்வு 1979 ஜூலை 31 அன்று ஷெட்லாந்துத் தீவுகளின் சம்பரோவில் நடந்தது. டேன்-ஏர் நிறுவனத்தின் எச்எஸ்-748 விமானம் ஓடுபாதையிலிருந்து எழ முடியாமல் கடலுக்குள் பாய்ந்து, 47 பேரில் 17 பேர் இறந்தனர். அங்கே யாரும் லாக்கை எடுக்க மறந்துவிடவில்லை. புறப்பாட்டுக்கு முந்தைய சோதனையின்போதே எலிவேட்டர் லாக் மறுபடியும் விழுந்து பூட்டியிருக்கக்கூடும் என்று விசாரணை கூறியது. அதாவது, எடுத்த லாக் எடுத்தபடியே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அந்தச் செய்தியைப் படித்த பின், சோதனையை முடித்துக் கையை எடுப்பதற்கு முன் எலிவேட்டரை மட்டும் இன்னொரு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. சக விமானிகள் கேலி செய்தார்கள், செய்துவிட்டுப் போகட்டும்.

அதே சமயம் இந்தச் சோதனைக்கு எல்லாம் தெரியும் என்றும் மாணவர் நினைத்துவிட வேண்டாம். 2017 மார்ச் 8 அன்று மிச்சிகனின் வில்லோ ரன்னில் ஓர் எம்டி-83 விமானம் எலிவேட்டர் சிக்கியபடியே புறப்பட்டது. நிறுத்தி வைத்திருந்த நாள்களில் அடித்த காற்று உள்ளிருக்கும் இணைப்பைச் சேதப்படுத்தியிருந்தது. அந்த வகை விமானத்தில் யோக் நேரடியாக எலிவேட்டரை நகர்த்துவதில்லை, அதன் விளிம்பில் உள்ள சிறு மடலான டேபை மட்டுமே நகர்த்துகிறது. பறக்கும்போது காற்றுதான் மீதி வேலையைச் செய்கிறது. ஆகவே விமானி யோக்கை ஆட்டியபோது எல்லாம் சரியாகவே தோன்றியது. மூக்கு எழவில்லை என்று தெரிந்த நொடியில், ஓட்டத்தை நிறுத்துவதற்கான கடைசி எல்லையான முடிவு வேகத்தைத் தாண்டியிருந்தும் தலைமை விமானி ஓட்டத்தைக் கைவிட்டார். விமானம் ஓடுபாதைக்கு அப்பால் போய் நின்றது. 116 பேரும் உயிர் பிழைத்தனர். ஜி-4 விமானிகள் ஓடிக்கொண்டே லாக்கை எடுக்கப் பார்த்த இடத்தில் இவர் பிரேக்கை மிதித்தார்.

பயிற்சி மாணவன்:

அனைவருக்கும் நன்றி. போல்ட் போய்விட்டது, தகடு உள்ள மூல லாக் வந்துவிட்டது. நேற்று பயிற்றுநருடன் ஏறியபோது முதன்முறையாகப் பின்கண்ணாடி வழியாக எலிவேட்டரைப் பார்க்க முயன்றேன். இருக்கையின் தோள் வார் என்னைத் திரும்ப விடவில்லை. அதைச் சற்றுத் தளர்த்தித் திரும்பியபோதுதான், முந்தைய பறப்புகள் அனைத்திலும் நான் யோக்கை மட்டுமே சோதித்திருக்கிறேன், எலிவேட்டரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பது தெரிந்தது.

இன்னும் ஒரு சந்தேகம். எவ்வளவு பார்த்தும் தவறிப்போய், எலிவேட்டர் பூட்டியபடி விமானம் எழுந்துவிட்டால், மூக்கின் நிலையைச் சரிசெய்யும் டிரிம் சக்கரத்தால் சமாளிக்க முடியுமா?

பராமரிப்புப் பொறியாளர்:

ஓரளவுக்கு முடியும், ஆனால் தலைகீழாக. வழக்கமாக மூக்கை உயர்த்த டிரிம் சக்கரத்தைச் சுழற்றினால் எலிவேட்டரின் விளிம்பில் உள்ள டேப் கீழே இறங்கும்; காற்று அதை அழுத்தி எலிவேட்டரை மேலே தள்ளும்; மூக்கு எழும். எலிவேட்டர் பூட்டியிருந்தால் அது நகராது. டேப் மட்டும் ஒரு குட்டி எலிவேட்டராக வேலை செய்யும். கீழே இறங்கிய டேப் வாலைத் தூக்கும், மூக்கு தாழும். ஆகவே மூக்கை உயர்த்த, மூக்கைத் தாழ்த்தும் திசையில் சுழற்ற வேண்டியிருக்கும். டேப் உள்ள விமானங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். கிடைவால் முழுவதையும் நகர்த்தி டிரிம் செய்யும் விமானங்களில் கணக்கு வேறு. தரையை விட்டெழுந்து ஐம்பது அடியில் தத்தளிக்கும்போது இதை யோசித்து முடிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. உயரத்தில் இருக்கும்போது கேபிள் சிக்கியவர்களுக்கு உதவக்கூடிய செய்தி இது.

பயிற்றுநர்:

இன்னொன்று, தம்பி. உங்கள் விமானத்தில் லாக்கைத் திரும்பச் செருகியவர் உங்களிடம் சொல்லாமல் போனதுதான் அன்றைய சிக்கலின் தொடக்கம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: வாக்-அரவுண்ட் முடிந்த விமானத்தை யார் தொட்டாலும், ஏணி வைத்து எரிபொருள் ஊற்றினாலும்கூட, சாவியோடு கோர்த்திருக்கும் அட்டையில் நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். அட்டையில் புதிய குறிப்பு இருந்தால் விமானி சுற்றி வருவதை முதலிலிருந்து தொடங்குவார்.

பயிற்சி மாணவன்:

அட்டை நாளை முதல் எங்கள் சாவியிலும் இருக்கும். லாக்கைச் செருகியவரிடம் பேசினேன், ஐயா. அவர் அன்று மாலையே என்னைத் தேடி வந்திருக்கிறார். நான் அதற்குள் கிளம்பிவிட்டேன்.